பன்னிரண்டாவது கெட்டில்

ஹிரோசாகி
ஜனவரி 24, 1995

தமானோ அக்காவுக்கு,

பேரிடர் நேரத்துக் கடிதத்தில் பருவ விசாரிப்பு கூடாது என்று கடிதக் கையேட்டில் போட்டிருக்கிறது. அதனால் எங்கள் ஊர்ப் பனியைப் பற்றி எழுதவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டால் எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இது நான்காவது தாள்.

நிலநடுக்கத்தில் நீங்கள் தப்பி உயிரோடு இருப்பது வானொலியில்தான் தெரிந்தது. பாதுகாப்பாக இருப்பவர்களின் பெயர்களை மணிக்கணக்காகப் படித்தார்கள். "முரோதானி தமானோ, எழுபத்தைந்து வயது, கோபே, நாகாதா வட்டம்" என்று கேட்டதும் பேனாவைத் தேடினேன். அதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். கோபேயில் வேறொரு முரோதானி தமானோ இருக்க முடியாதா என்று அரை நாள் யோசித்தேன். வயதும் வட்டமும் பொருந்துகின்றன. மறுநாள் மறுபடியும் படித்தபோது, நீங்கள் தங்கியிருக்கும் பள்ளியின் பெயரையும் குறித்துக்கொண்டேன். பிறகுதான் உட்கார்ந்தேன்.

தொலைக்காட்சியை நான் அணைப்பதில்லை. எரிந்துபோன ஒரு சந்தில், கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கெட்டில். அதன் மூக்கு நசுங்கியிருந்தது. "இவருக்கு மிஞ்சியது இது மட்டும்" என்றது குரல். நான் அழுதுவிட்டேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. கட்டிய மனைவி கினுயோ போனபோது நான் அழவில்லை. சடங்குக்கு வந்திருந்த நீங்கள் அதைப் பார்த்தீர்கள். மூன்று வருடம் கழித்து, யாரோ ஒருவரின் கெட்டிலுக்காக எப்படி அழுகை வருகிறது? ஆப்பிள் ஆராய்ச்சி நிலையத்தில் வாழ்நாளில் பெரும்பகுதி மொட்டு விரியும் தேதியைக் குறித்துவந்தவன் நான். ஒன்றுக்குப் பின் ஒன்று ஏன் வருகிறது என்று ஓரளவாவது சொல்லத் தெரியும். இது தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மிகாமியின் மனைவி வந்து கதவைத் தட்டினாள்.

"ஒசானாய் ஐயா, வாசல்ல பனி அப்படியே கிடக்கு. உள்ள உயிரோட இருக்கீங்களா, இல்லையா?"

"கோபேயைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நீங்க பாத்தா அவங்களுக்கு என்ன குறையப் போகுது? வந்து பனியை அள்ளுங்க."

அள்ளினேன். அங்கே வீடில்லாமல் இருக்கிறார்கள், நான் என் வீட்டு வாசலைச் சுத்தம் செய்கிறேன் என்பது சரியா என்று யோசித்துக்கொண்டே அள்ளினேன்.

ஒரு பெட்டி ஃபூஜி ஆப்பிளும் கம்பளிக் காலுறைகளும் அனுப்பியிருக்கிறேன். வேறு என்ன தேவை என்று எழுதுங்கள். பதிலுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். இன்னொன்றும் சொல்ல நினைத்தேன். இருக்கட்டும்.

ஒசானாய் தெய்கிச்சி


கோபே, நாகாதா
ஜனவரி 31

தெய்கிச்சி-சான்,

நான்தான் அந்தத் தமானோ. சந்தேகம் வேண்டாம்.

வீடு விழுந்துவிட்டது. முன்பக்கம் மட்டும் விழுந்தது, நான் பின்பக்கம் படுத்திருந்தேன். நிஷிவாகி என்று பக்கத்துச் சந்துக்காரர் ஒருவர் கதவைப் பெயர்த்து என்னை இழுத்துப் போட்டார். பிறகு தீ வந்து மீதியை முடித்தது. இதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள், சொல்லிச் சொல்லி வேறு யாருக்கோ நடந்தது போல ஆகிவிட்டது.

உங்கள் ஆப்பிள் நன்றாக இருந்தது என்று எழுதுவதுதான் மரியாதை. உண்மையைச் சொன்னால், எங்கள் பகுதியில் இருப்பவர்களெல்லாம் கிழவர் கிழவிகள். அதிகாலையில், பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில் பூமி ஆடியது. பல்செட் எல்லாம் இடிபாட்டுக்குள். கல் மாதிரி ஆப்பிளை ஆளுக்கொன்று கையில் வைத்துக்கொண்டு முகர்ந்து பார்த்தோம். கத்தியும் இல்லை. "வடக்கத்திக்காரங்க நம்ம பல்லை ரொம்ப நம்பிட்டாங்க" என்றாள் பக்கத்துப் பாய் யோனே. சிரித்தோம். நிலம் ஆடியதற்குப் பிறகு முதல் சிரிப்பு அதுதான், அதற்காக நன்றி.

இனி உங்கள் பெரியவர். அவர்தான் நிஷிவாகி. ஆமாம், என்னை இழுத்துப் போட்டவர். செருப்புப் பட்டறையில் அடிப்பாகம் வெட்டுகிறவர். அவர் வீடு எரியவில்லை, தீ அவர் சந்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. மடியில் இருந்தது யோனேயின் கெட்டில். செத்துப்போன புருஷனுடைய பெயர் பொறித்த நினைவுப் பலகையைத் தேடப் போனவள், "இதைக் கொஞ்சம் புடிங்க" என்று கொடுத்துவிட்டுப் போனாள். பிடித்தார். அதற்குள் கேமரா வந்துவிட்டது.

இப்போது நாடு முழுவதிலிருந்தும் அவருக்குக் கெட்டில் வருகிறது. இன்று காலைவரை பதினொன்று. வீட்டில் வைக்க வெட்கப்பட்டு, நாங்கள் தங்கியிருக்கும் பள்ளியின் கூடத்து மூலையில் கொண்டுவந்து அடுக்கி வைத்திருக்கிறார். நாங்கள் சும்மா விடுவதில்லை.

"நிஷிவாகி, இன்னிக்கு ஒண்ணும் வரலையா?"

"பேசாம இரு, அக்கா. வெளிய தலை காட்ட முடியல."

"தலையை வேணாம், கெட்டிலைக் காட்டு."

"விளையாடாத. நாடே பரிதாபப்பட்ட ஆளு நான். இனிமே நான் சிரிச்சாக்கூடத் தப்பாப் போயிடும்."

அதைச் சொல்லும்போது அவர் உண்மையாகவே சிரிக்கவில்லை.

பதிலுக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இது யார் கற்றுக்கொடுத்த வழக்கம்? கினுயோவின் சடங்குக்கு நான் வைத்த காணிக்கைக்கு, நாற்பத்தொன்பதாம் நாள் முடிந்ததும் உங்களிடமிருந்து ஒரு தேயிலைப் பெட்டி வந்தது. முறைப்படி, காணிக்கையில் சரியாகப் பாதி மதிப்பு. அச்சடித்த நன்றி அட்டை. தபால்காரருக்கும் அதே பெட்டி போயிருக்கும், மிகாமிக்கும் அதே. செத்தது என் தங்கை. அவளுக்காக நான் வைத்ததற்கு எனக்கே பதில் மரியாதையா? அன்றிலிருந்து நான் உங்களுக்கு எழுதவில்லை. இப்போது பதில் மரியாதை செய்யும் முறை என்னுடையது. நிவாரணத்தில் வந்த கைச்சூட்டுப் பைகள் இத்துடன் இருக்கின்றன. ஏறக்குறைய பாதி வரும்.

தமானோ


ஹிரோசாகி
பிப்ரவரி 6

தமானோ அக்காவுக்கு,

கைச்சூட்டுப் பைகள் வந்தன. பொட்டலத்தைப் பிரிக்காமல் கினுயோவின் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். குளிரில் இருப்பவர்கள் எனக்குச் சூடு அனுப்பியிருக்கிறீர்கள். அதை எந்த மனத்தோடு பயன்படுத்துவது?

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து குழப்பமாக இருக்கிறது. அந்தப் பெரியவருக்கு வீடு இருக்கிறது என்றால் நான் அழுதது யாருக்காக? அழுகை வந்தது உண்மை. அதற்குரிய ஆள் இல்லை. அவருக்காக இல்லையென்றால் யோனே அம்மாளுக்காகவா? அவரை நான் பார்க்கவே இல்லையே. நேற்று தொலைக்காட்சியில் வேறொரு பெண்மணியைக் காட்டினார்கள், ஒரு நாயை அணைத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. உடனே, அது இவருடைய நாய்தானா என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. இப்படி ஒரு மனிதனாக நான் ஆகிவிட்டேனே என்று இருந்தது.

தேயிலைப் பெட்டியைப் பற்றி. கினுயோ போனபின் வீட்டுக்குள் என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை. கையேட்டில் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். உறவுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று அது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செய்திருப்பேன். இது நியாயம் ஆகாது, நடந்ததைச் சொல்கிறேன்.

பல்லைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். என் பல்லே பல்செட்தான். ஆறு துருவிகள் அனுப்பியிருக்கிறேன். ஆப்பிளைத் தோலோடு துருவலாம், கறுத்தாலும் கெடுதல் இல்லை. தயவுசெய்து இதற்குப் பாதி அனுப்பாதீர்கள்.

போன கடிதத்தில் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். இங்கே கினுயோவின் அறை காலியாக இருக்கிறது. மண்ணெண்ணெய் அடுப்பு உண்டு. நீங்கள் வந்து இருக்கலாம். குறைகளையும் சொல்லிவிட வேண்டும்: கழிப்பறை வெளித் தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது, இரவில் நடந்தால் கால் விறைக்கும். ஏப்ரல்வரை பனி. எங்கள் ஊர்ப் பேச்சு உங்களுக்குப் பாதி புரியாது. நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. நான் சமைப்பதை மிகாமியின் பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தால் வருவதற்குக் காரணம் அதிகம் இல்லை. ஆனாலும் வரலாம்.

ஒசானாய் தெய்கிச்சி


கோபே, நாகாதா
பிப்ரவரி 14

தெய்கிச்சி-சான்,

பன்னிரண்டாவது கெட்டில் வந்துவிட்டது.

அனுப்பியவர் பெயர் இல்லை. முகவரி: "கெட்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவர், நாகாதா, கோபே". தபால்காரர் நேராக நிஷிவாகியிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், அவ்வளவு புகழ். சுற்றியிருந்தது வடக்கத்திச் செய்தித்தாள். கயிறு, ஆப்பிள் பெட்டிக்குப் போடும் முடிச்சு. அந்த முடிச்சை நீங்கள் இளவயதில் கோபே சந்தையில் வேலை பார்த்த காலத்தில் கினுயோவுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள், அவள் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். நிஷிவாகி அவிழ்க்கத் தெரியாமல் அறுக்கப் பார்த்தார். நான் வாங்கி அவிழ்த்தேன். அனுப்பியவர் யார் என்பதை என்னோடு வைத்துக்கொண்டேன்.

ஒன்றுதான் புரியவில்லை. அந்த ஆளிடம் இருந்ததே ஒரு கெட்டில்தான். கெட்டில் வைத்திருப்பவருக்கு ஏன் எல்லோரும் கெட்டில் அனுப்புகிறீர்கள்?

துருவிகள் உதவின. ஒத்துக்கொள்கிறேன். ஆப்பிள் அனுப்பியவர் நீங்கள் மட்டுமில்லை. கூடத்தில் ராத்திரி முழுவதும் சர் சர் என்று துருவும் சத்தம். ஆறு துருவிக்கு மூன்று துண்டு அனுப்பியிருக்கிறேன். அழாதீர்கள், புதுத் துண்டுதான்.

உங்கள் அறை விஷயம்.

அந்த அறை மூன்று வருடமாகக் காலியாக இருக்கிறது. மூன்று வருடமும் எனக்கு இங்கே வீடு இருந்தது. அப்போது ஒரு வரி வந்திருந்தால் அண்டை அயலில் காட்டிவிட்டு மூட்டையைக் கட்டியிருப்பேன், ஒரு மாதமாவது இருந்துவிட்டு வந்திருப்பேன். வீடு விழுந்த பிறகுதானே உங்களுக்கு என் நினைவு வந்தது. அந்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தவளாகத்தான் என்னை உங்கள் கதவில் பார்ப்பீர்கள். அந்தப் பார்வையை நான் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஓர் அறைக்கு நான் எதைப் பாதியாகத் திருப்பித் தருவேன்?

இங்கே நாங்கள் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. தலை குனிவது. சோற்றுருண்டை கொடுத்தால் குனிகிறோம். போர்வை கொடுத்தால் குனிகிறோம். பாட்டுப் பாடுகிறோம் என்று யாரோ வந்தால், தூக்கம் வந்தாலும் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் குனிகிறோம். எல்லோரும் நல்லவர்கள். அதுதான் தாங்க முடியவில்லை, கெட்டவர்களாக இருந்தால் திட்டலாம். நாற்பது வருடம் அந்தச் சந்தில் இருந்தேன். காலையில் ஒருத்தி "தமானோ அக்கா, கொஞ்சம் உப்பு இருக்கா?" என்று வராத நாள் கிடையாது. வீடு விழுந்ததிலிருந்து ஒருவர்கூட என்னிடம் எதையும் கேட்கவில்லை. என்ன வேண்டும், என்ன வேண்டும் என்று எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

இனி எதுவும் அனுப்ப வேண்டாம். கொஞ்ச நாள் கடிதமும் வேண்டாம். எழுதினால் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

தமானோ


ஹிரோசாகி
பிப்ரவரி 25

தமானோ அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். பத்து நாள் எழுதவில்லை. கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று நீங்கள் சொல்லாததால் இது அதற்குள் வருகிறதா, வெளியே வருகிறதா என்று தெரியவில்லை. பதில் போட வேண்டாம்.

கெட்டில் என்னுடையதுதான், உங்கள் முதல் கடிதம் வருவதற்கு முன்பே அனுப்பியது. ஏன் கெட்டில் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அவருடையதன் மூக்கு நசுங்கியிருந்தது. அதிலிருந்து ஊற்றினால் தண்ணீர் பக்கவாட்டில் வழியும் என்று எனக்குக் கவலையாக இருந்தது. எழுதிப் பார்க்கும்போது இது காரணம் மாதிரி இல்லை. வேறு காரணமும் கிடைக்கவில்லை. அறையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. மூன்று வருடமும் அறையைக் கடந்துதான் தாழ்வாரத்துக்குப் போனேன். யாரையாவது கூப்பிடலாம் என்பதே தோன்றவில்லை. உங்களை மட்டுமல்ல, ஒருவரையுமே.

உங்களைச் சிரமப்படுத்த இதை எழுதவில்லை. ஒரு சின்ன விஷயத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், கேட்பதற்கு உங்களைத் தவிர ஆள் இல்லை. இந்த நேரத்தில் உங்களிடம் போய் இதைக் கேட்பது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிகிறது. கையேட்டில் இதற்கான மன்னிப்பு வாசகத்தைத் தேடினேன். இல்லை.

கினுயோ இருந்தவரை மார்ச் வந்தால் உங்களிடமிருந்து இகானாகோ வரும். நீங்கள் சோயாவும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சி, வளைந்த ஆணி மாதிரி ஆக்கி அனுப்பும் அந்தக் குஞ்சு மீன். சுடு சோற்றின் மேல் வைத்து, "கோபேக்கு வசந்தம் வந்தாச்சு, நம்ம ஜன்னல்ல இன்னும் பனி" என்பாள். கடைசி மூன்று வசந்தத்தில் வரவில்லை. ஏன் என்று தேயிலைப் பெட்டி விஷயத்தில் இப்போதுதான் புரிந்தது. அன்று தபாலில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் எனக்கு அந்த மீன் வேண்டும் போல் இருந்தது. கோபே எரிந்துகிடக்கும்போது கோபே மீனுக்கு ஆசைப்படுகிறேன். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இங்கே இகானாகோ கிடைக்காது. ஏரியில் பிடித்த சிறு மீனை வாங்கிவந்து, சோயா, சர்க்கரை, இஞ்சி எல்லாம் போட்டு அடுப்பில் வைத்தேன். பக்கத்திலேயே நின்று, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தேன். கூழாகிவிட்டது. நேற்று மறுபடியும் செய்தேன், இன்னும் கவனமாகக் கிளறினேன். அதுவும் கூழ். மிகாமியின் மனைவி எட்டிப் பார்த்து, "ஐயா, சுவத்துக்குப் பூசவா?" என்று கேட்டாள்.

எங்கே தப்பு செய்கிறேன்?

தெய்கிச்சி


கோபே, நாகாதா
மார்ச் 3

தெய்கிச்சி-சான்,

கிளறினீர்களா?

யோனேயிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "கிளறினாரா? கவனமா வேறயா?" என்றாள். அரை மணியில் எங்கள் வரிசை முழுவதும் தெரிந்துவிட்டது. இப்போது இங்கே உங்கள் பெயர் கிளறல் தாத்தா.

கேளுங்கள். சோயாவும் சர்க்கரையும் இஞ்சியும் முதலில் கொதிக்க வேண்டும். நன்றாகப் பொங்கிக் கொதிக்கும்போது மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். பிறகு தொடவே கூடாது. கரண்டியைக் கையில் எடுக்காதீர்கள், கை சும்மா இருக்காது. மேலே மூடி ஒன்றை மிதக்க விடுங்கள். நுரை வந்து மூடியைத் தூக்கும், பயப்பட வேண்டாம். தண்ணீர் வற்றும் நேரத்தில் சட்டியை இரண்டு காதையும் பிடித்து ஒரே ஒரு குலுக்கு. மேலே இருப்பது கீழே போகும். அவ்வளவுதான். உங்களுக்கு இது வராது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டிய சமையல் இது.

தாருமி துறையில் படகுகள் போக ஆரம்பித்துவிட்டன. வழக்கமாக இந்த வாரம் எங்கள் சந்தில் எந்த வீட்டைத் தாண்டினாலும் அந்த வாசனைதான் வரும். நேற்று பள்ளி வாசலில் நின்று முகர்ந்து பார்த்தேன். கரி வாசனை.

கினுயோவிடம் அகலமான ஓர் அலுமினியச் சட்டி இருந்தது, ஒரு காது வளைந்தது. கல்யாணத்துக்கு நான் கொடுத்தது. அது இருக்கிறதா, நீங்கள் மீன் கூழ் காய்ச்சி அடிப்பிடிக்க வைத்துவிட்டீர்களா? நன்றாக இருந்தால் அனுப்புங்கள். பழுப்புச் சர்க்கரை இங்கே கிடைக்கவில்லை, அதுவும் இரண்டு பை வேண்டும். இது நிவாரணம் இல்லை. சட்டி இரவல். சர்க்கரை உங்கள் மீனுக்கு. கேட்டவர் நீங்கள்.

பள்ளி முற்றத்தில் விறகு அடுப்பு போட ஏற்பாடு செய்திருக்கிறேன். தீயைப் பார்த்துக்கொள்ள நிஷிவாகி வருகிறார். "கேமராக்காரங்க வந்தா என்ன பண்றது?" என்று கேட்டார். "சட்டியைக் குடுத்துப் புடிக்கச் சொல்லு" என்றேன். சிரித்தார். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சீக்கிரம் அனுப்புங்கள். மீன் வளர்ந்துவிடும்.

தமானோ


ஹிரோசாகி
மார்ச் 6

தமானோ அக்காவுக்கு,

சட்டி பத்திரமாக இருக்கிறது. நான் கூழ் காய்ச்சியது வேறு பாத்திரத்தில்.

உங்கள் கடிதம் வந்த மாலையே சட்டியைத் தேய்த்துவிட்டேன். பிறகு ஒரு சிக்கல். சட்டியைக் காலியாக அனுப்பக் கூடாது, ஏதாவது போட்டு அனுப்புவதுதான் முறை. உலர்ந்த ஆப்பிள் போடலாமா என்று யோசித்தேன். நீங்கள் அதற்குப் பாதி அனுப்புவீர்கள். சர்க்கரையை அதற்குள் வைக்கலாமா என்றால், அது நீங்கள் கேட்டது. கேட்டதை வைப்பது வெறுமையை நிரப்பியதாகுமா என்று தெரியவில்லை. அஞ்சலகத்தில் பணிப்பெண், "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்ல" என்றேன். "உடையுற பொருளா?" என்றாள். அதற்கும் ஒன்றும் இல்லை என்றே சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

காலியாகவே அனுப்பிவிட்டேன். வாழ்க்கையில் முதல் முறை. சர்க்கரை தனிப் பெட்டியில் வருகிறது. வீட்டுக்கு வந்து மூன்று முறை அது சரியா என்று எண்ணிப் பார்த்தேன். இப்போதும் தெரியவில்லை.

ஊருக்கே காய்ச்சப் போகிறீர்கள். எனக்கு ஒரு பிடி போதும். அதுவும் சிரமம் என்றால் வேண்டாம். இல்லை, வேண்டும்.

தெய்கிச்சி


கோபே, நாகாதா
மார்ச் 18

தெய்கிச்சி-சான்,

டப்பா தனியாக வருகிறது. நேரே வைத்துப் பிரியுங்கள், சாறு வழியும்.

எத்தனை சட்டி காய்ச்சினேன் என்று கேட்காதீர்கள். விடியலில் தாருமிக்கு ஆள் அனுப்பி மீன் வாங்கினோம். முதல் சட்டி பொங்கியபோது வாசனை கூடத்துக்குள் போயிருக்கிறது. போர்வைக்குள்ளிருந்து தலைகள் கிளம்பின. பத்து நாளாக எழுந்திருக்காத ஒரு கிழவர் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"அக்கா, எனக்குக் கொஞ்சம் வைப்பியா?"

"வரிசையில நில்லு."

"தலை குனியணுமா?"

"குனிஞ்சா கிடையாது."

வந்தவர்கள் கையில் கிண்ணம் இருந்தது, மூடி இருந்தது, ஒருத்தி கைக்குட்டையை விரித்தாள். ஒசாகா மகனுக்கு அனுப்ப வேண்டும், ஹிமேஜி சம்பந்திக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். எல்லோருக்கும் யாருக்காவது அனுப்ப வேண்டியிருந்தது. நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். யாரும் என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

பன்னிரண்டு கெட்டிலும் அன்றைக்கு அடுப்பேறின. தேநீருக்குத்தான். உங்களுடையதுதான் நேராக ஊற்றியது, அதைச் சொல்ல வேண்டும். நிஷிவாகி அதை யோனேயிடம் கொடுத்துவிட்டார், அவள் கெட்டிலை அவர் பிடித்ததற்காக. அவள் வாங்க மாட்டேன் என்றாள். இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குத் தற்காலிக வீடு குலுக்கலில் விழுந்திருக்கிறது. மேற்கே மலைமேல். ஓர் அறை, ஒரு சின்னச் சமையலிடம். கடல் தெரியாதாம். அண்டை அயலில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. குலுக்கல் எல்லோரையும் பிரித்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. வடக்குக்கு வர மாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்தால் விருந்தாளியாக வருவேன், உங்கள் பனியைத் திட்டிவிட்டுத் திரும்பிப் போக எனக்கு ஒரு கதவு இருக்கும்போது.

சட்டியை இன்னும் திருப்பி அனுப்பவில்லை. புது வீட்டில் பக்கத்துக் கதவில் யார் இருக்கிறார்களோ, அவர்களுக்கு முதலில் காய்ச்ச வேண்டும்.

தேயிலைப் பெட்டியை நான் மறக்கவில்லை. கோபம் கொஞ்சம் பழசாகிவிட்டது, அவ்வளவுதான்.

தமானோ


ஹிரோசாகி
மார்ச் 27

தமானோ அக்காவுக்கு,

டப்பா வந்தது. நேரே வைத்துத்தான் பிரித்தேன். அதே முடிச்சு.

சோறு வடித்து, கினுயோவின் படத்துக்கு முன்னால் ஒரு சிறு கிண்ணத்தில் வைத்தேன். பிறகு நான் சாப்பிட்டேன். இஞ்சி முன்னைவிட அதிகம். நான்கு வாய் சரியாக இருந்தது. ஐந்தாவதில் அழுகை வந்துவிட்டது, சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல். இது கினுயோவுக்காகவா, உங்களுக்காகவா, நிஷிவாகிக்காகவா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. கிளறினால் கூழாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

கோபே இப்போது தொலைக்காட்சியில் இல்லை. டோக்கியோவில் பாதாள ரயிலில் யாரோ விஷ வாயு விட்ட கொடுமையைத்தான் காட்டுகிறார்கள். அதற்கும் எனக்குக் கண் கலங்குகிறது. உங்களை விட்டுவிட்டு அங்கே போய்விட்டேனோ என்று குற்றவுணர்வாக இருந்தது. மிகாமியின் மனைவியிடம் சொன்னேன். "உங்ககிட்ட கண்ணீர் நிறைய இருக்குது ஐயா, பனிதான் இல்லாமப் போச்சு, இனிமே என்ன அள்ளுவீங்க?" என்றாள். அவளுக்கு ஒரு கிண்ணம் மீன் கொடுத்தேன். "எங்கேருந்து?" என்று கேட்டாள். "கோபேல என் அக்கா அனுப்பினாங்க" என்றேன். அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அங்கேருந்தா?" என்று மறுபடியும் கேட்டாள்.

சட்டி அங்கேயே இருக்கட்டும். பூ விரியும் நேரம் முடிந்ததும், மே மாதக் கடைசியில் நான் அந்தப் பக்கம் வரலாம் என்று ஒரு நினைப்பு. மலைமேல் வீடு என்றால் ஏறுவதற்குச் சிரமப்படுவேன், உங்கள் ஊரார் என்னைக் கிளறல் தாத்தா என்பார்கள், ஓர் அறைக்குள் எங்கே படுப்பது என்றும் தெரியவில்லை. வேண்டாம் என்றால் எழுதுங்கள். எழுதாவிட்டால் வருவேன்.

டப்பா காலியான அன்று பழக்கத்தில் கையேட்டை எடுத்தேன். இந்த மாதிரி வந்ததற்கு என்ன திருப்பி அனுப்ப வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று தேடிக்கொண்டிருந்தேன். பாதியில் மூடிவிட்டேன்.

எதுவும் அனுப்பவில்லை. டப்பாவைக் கழுவித் துடைத்து, அடுத்த மார்ச்சுக்காக அலமாரியில் வைத்திருக்கிறேன்.

தெய்கிச்சி